மே மாதத்தை மறைக்காத நிர்மலா மிஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீஞ்சூரில் ரயில் ஏறியதும் எங்கள் மழலையர் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "இன்று பள்ளிக்கு விடுமுறை" என்பது முதல் வரி. மகிழ்ந்தேன். ஊற வைத்த துணிகள் நினைவுக்கு வந்தன. அடுத்த வரியைப் பொன்னேரி வந்த பிறகுதான் படித்தேன். காய்ச்சல் என்று வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்த நிர்மலா மிஸ் அதிகாலையில் மருத்துவமனையில் இறந்துவிட்டார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த மகிழ்ச்சிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தால், "லீவுன்னா யாருக்குடி கசக்கும்?" என்று சிரித்திருப்பார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வழியில் அவரிடம் பிள்ளைகளை விட்டுச் சென்ற பெற்றோர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் ஓர் ஒடிசாக் குழந்தை மூன்று நாள் இடைவிடாமல் அழுதது. நாங்கள் பொம்மை காட்டினோம், பாட்டுப் பாடினோம். நிர்மலா மிஸ் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து களிமண் உருட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அது அவர் முதுகில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தது. "அழுவுறவன உத்துப் பாக்கக் கூடாது. அவனுக்கும் வெக்கம் இருக்கும்ல" என்றார்.

எனக்கும் வெட்கம் அதிகம். பிளஸ் டூ முடித்து, உதவியாளராக இந்தப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு அவரிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆனால் வங்கியில் கல்விக் கடன் கிடைக்கப்போகிறது என்று தெரிந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. சென்னையில் ஒரு தனியார் கல்லூரி. மழலையர் கல்வியில் பட்டம். விடுதியோடு நான்கு லட்சம். திங்கட்கிழமை அப்பாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"படிச்சிட்டு எங்க வேலைக்குப் போவ?"

"இந்த மாதிரி ஸ்கூல்லதான் மிஸ்."

"என் சம்பளம் இன்னான்னு தெரியுமா உனக்கு?"

எங்கள் பள்ளியில் சம்பளத்தைக் கவரில் தருவார்கள். வாங்கியதும் பைக்குள் வைத்துவிடுவோம். ஒருவர் கவரை இன்னொருவர் கேட்பது மரியாதையில்லை. அன்று சம்பள நாள். நிர்மலா மிஸ் தன் கவரைப் பிரித்து என் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் வைத்தார். ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பட்டம் படித்தவர், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்; இருபதாயிரமாவது இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"பன்னெண்டால பெருக்காத. பதினொண்ணால பெருக்கு. மே மாசம் கவரே கிடையாது."

நான் ஜூனில் சேர்ந்தவள். அது எனக்குத் தெரியாது. பள்ளிக்குத்தான் கோடை விடுமுறை, வங்கிக்கு இல்லை என்றார். அவரும் கடன் வாங்கிப் படித்தவர். எட்டு ஆண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மே மாதமும் தவணைக்காகத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போவதையும் அன்றுதான் சொன்னார். "நம்ம பசங்களோட அம்மாங்க பக்கத்து லைன்ல நிப்பாங்க. 'இன்னா மிஸ், நீங்களா?'ம்பாங்க. 'சும்மா பொழுது போவலம்மா'ம்பேன்."

இந்தச் சம்பளத்துக்கு நான்கு லட்சம் கடன் வேண்டாம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் படிப்பின் மேல் அவருக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன். வீட்டில் நான் அழுததைக் கண்டு அப்பா அவருக்குப் போன் செய்து கத்தினார். மறுநாள் ஞாயிறு, நிர்மலா மிஸ் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, எங்க ஊட்ல மொத டிகிரி இவதான். நீ வந்து வாணாங்கிறியே" என்றார் அப்பா. அவர் இரும்பு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி. "வேலை கெடைக்கிற வரிக்கும் ஒண்ணும் கட்ட வாணாம்னு பேங்க்லயே சொல்லிட்டாங்க."

"கட்டத்தான் வாணாம்ணே. வட்டி ஓடிக்கினேதான் இருக்கும். நானும் இப்படித்தான் ஏமாந்தேன். டிகிரி வாணாம்னு நான் சொல்லல. அதே டிகிரிய தபால்ல படிக்கட்டும். வேலைக்கும் போய்க்கினு, ஞாயித்துக்கெழம கிளாஸுக்கும் போவட்டும். மதிப்பு கொஞ்சம் கம்மிதான், அதையும் சொல்லிடுறேன். பெரிய ஸ்கூல்ல மூஞ்ச சுளிப்பான்."

அம்மா தேநீர் கொடுத்தபடி, "அப்பொறம் நீ மட்டும் ஏம்மா இதுலயே கீற?" என்று கேட்டார்.

"புடிச்சிருக்குக்கா. அதான் பேஜாரே."

அப்பா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ண காலேஜ் வாசல்ல உட்டுட்டு வரணும்னு ஆச" என்றார் கடைசியில்.

"பரீச்சை ஹால் வாசல்ல வந்து உடுண்ணே. அதுவும் வாசல்தானே."

திங்கட்கிழமை நாங்கள் வங்கிக்குப் போகவில்லை. மூன்று ஆண்டும் ஒவ்வொரு தேர்வுக்கும் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார். விடுதி வாழ்க்கை, கல்லூரித் தோழிகள் எதுவும் எனக்கு அமையவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்கள்; சொல்லவில்லை. நிர்மலா மிஸ்ஸிடம் சொன்னேன்.

"எம்மேல கோவமா?"

"கொஞ்சம் மிஸ்."

"இருக்கட்டும்" என்று தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்தார்.

போன ஆண்டு அவருடைய கடைசித் தவணை முடிந்தது. அன்று வகுப்பில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். சாக்லேட் என்றால் பிறந்தநாள் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். கைதட்டி வாழ்த்துப் பாடினார்கள். ஒரு பெண் குழந்தை, "மிஸ், உனுக்கு எத்தினி வயசு?" என்றது. "இன்னிக்குத்தான் பொறந்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு மே மாதம். அதை வீட்டிலேயே படுத்துத் தூங்கிக் கழித்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

நான் கடன் இல்லாத பட்டதாரி. இந்தச் சம்பளத்தில் இந்த வேலையில் இருக்க என்னால் முடிகிறது என்றால் அதற்கு அவர்தான் காரணம். அவர் உயிரோடு இருந்தபோது இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சென்ற வாரம் எங்கள் புதிய உதவியாளர் பெண், அதே படிப்புக்கான விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தாள். கையில் கல்லூரியின் வண்ணப் புத்தகம். அவளிடம் என் சம்பளத்தைச் சொன்னேன். மே மாதத்தைச் சொன்னேன். இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் சொன்னேன். நிர்மலா மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: இந்த மூன்றில் ஒன்றைக்கூட விடாமல் சொல்வது.