படிவத்தில் இல்லாத கேள்வி

பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் உளவளத்துணை எவ்வளவு பலன் தருகிறது என்று அளப்பதுதான் என் முதல் வேலை. பல்கலைக்கழகம் முடித்த கையோடு கிடைத்தது. நித்திரை வருகிறதா, பயக்கனவு வருகிறதா, பள்ளிக்கூடம் போக மனம் இருக்கிறதா என்று ஒரு படிவம். தொடங்கமுன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை கேட்போம். வேதனை கூடக் கூட மதிப்பெண் ஏறும்; இறங்கினால் பிள்ளை தேறிவிட்டது. அந்தப் படிவத்தில் எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

தென்மராட்சியில் ஒரு வீடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. துன்புறுத்தியவர் தாயின் தமையன். வழக்கு நடக்கிறது, ஆள் பிணையில் வெளியே. இரண்டாம் தடவை போனபோது, தாயின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொன்னாள். மதிப்பெண் பாதியாக இறங்கியிருந்தது. துள்ளாத குறையாக அதைத் தாயிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் என்னையே அறையவேண்டும்போல் இருக்கிறது.

தாய் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனா.

"அக்கா, உதிலை மாமாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையோ?" என்றாள் பிள்ளை.

"என்ன கேள்வி, பிள்ளை?"

"அவர்தான் எனக்குத் தண்ணி வாக்கப் போறார்."

அவள் பெரியபிள்ளையாகி இரண்டு நாள். சடங்கில் தாய்மாமன் பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்ப்பது எங்கள் வழக்கம். தேத்தண்ணியோடு வந்த தாயிடம் கேட்டேன்.

"அக்கா, அந்தாளை எப்பிடிக் கூப்பிடுவியள்?"

"மாமன் நிக்காட்டில் சனம் ஏனெண்டு கேக்கும், தங்கச்சி. நான் என்னத்தைச் சொல்ல? இவளுக்கு இப்ப சுகம்தானே. நீங்களே சொல்லிப்போட்டியளே."

அவரை வீட்டுக்குள் கொண்டுவர என் மதிப்பெண்தான் சாட்சி.

யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் பொறுப்பாளர் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தானே வந்திருக்கு. ஏன் மூஞ்சையை உப்பி வைச்சிருக்கிறீர்?"

"மாமன் வாறதை எழுத உதிலை இடமில்லை, சேர்."

"இடமில்லாட்டில் எழுதவேண்டாம். ஓரத்திலை கிறுக்கினதெல்லாம் கம்பியூட்டருக்குள்ளை ஏறாது. பைலை மூடும்."

நான் மூடவில்லை. பிள்ளையின் உளவளத்துணையாளரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். "வாய் திறந்து கேட்டிட்டாளோ?" என்றா. அவ்வளவு மாதமும் பிள்ளையை வாய் திறக்க வைக்கத்தான் அவ பாடுபட்டிருக்கிறா. அன்றைக்கே இருவரும் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போனோம். அவர் அறிக்கை கொடுக்க, அந்த வீட்டு வளவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் மாமனுக்கு உத்தரவிட்டது. தண்ணீர் வார்த்தது ஒரு மாமி. "எங்கடை குடும்பத்தைச் சந்திக்கு இழுத்துப்போட்டாய்" என்று தாய் என்னைத் திட்டினா. திட்டட்டும்.

பிறகு பிள்ளையைத் தனியே இருத்தி மறுபடி கேட்டேன். நித்திரை இல்லை என்றாள். கனவு வருகுது என்றாள். முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். மதிப்பெண் ஏறியது.

அறிக்கையில் அவள் பெயருக்குப் பதிலான இலக்கத்தின் நேரே "பின்னடைவு" என்று அடித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பொறுப்பாளரிடம் மூன்று கடிதம் கொடுத்துவிட்டேன். எடுக்கும்வரை கொடுப்பேன்.