ஜெரால்டு ருசிக்காத வெள்ளைத் திராட்சை

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஜெரால்டின் மனைவி ஸ்டெல்லாவிடமிருந்து போன். "அண்ணா, அவரு போயிட்டாரு" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். இனி அந்த விஷயத்தை அவனிடம் சொல்லவே முடியாதே என்ற பயம். இதைப் படிக்கிற நீங்கள் அவனோடு எண்ணூர் சாலைப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் என் தப்பை விட்டுவிட்டு எழுதக் கை வரவில்லை.

பட்டறைக்கு வருவதற்கு முன் அவன் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தான். இத்தாலியில் திரியெஸ்தே துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது, உள்ளூர் ஃபிட்டர் ஒருவர் அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே கொடுத்த ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவன் நிறுத்த மாட்டான். தங்க நிறம், தேன் வாசனை. அந்த வெள்ளைத் திராட்சைக்குப் பெயர் பிக்கோலிட். அந்த ஊரிலேயே அபூர்வமாம். கொத்து நிறையப் பூக்கும், பத்துப் பதினைந்துதான் பழமாகும், மிச்சமெல்லாம் உதிர்ந்துவிடும். "எவன் மாமு இதப் போயி பயிர் வெப்பான்? அந்தாளு வெச்சிக்கினு கீறான். அப்பவே எனுக்கு அந்தாள புட்ச்சிப் போச்சி" என்பான். அவரிடம் வாங்கிய நாலு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்து, திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் அறுத்த டிரம்மில் நட்டான். ஒன்று பிழைத்தது.

பிழைத்ததே தவிர காய்க்கவில்லை. வருஷா வருஷம் பூக்கும், கொட்டும். நாம் சும்மா விட்டோமா? "இன்னா ஜெரால்டு, இந்த வருசம் எத்தினி பீப்பா?" என்று டீ குடிக்கும்போதெல்லாம் அவனை வாரினோம். "சிரிங்கடா. பழம் வரட்டும், ஒருத்தனுக்கும் தர மாட்டேன்" என்பான். பிறகு எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டான். இந்த ரகத்தின் மகரந்தம் உதவாது, பக்கத்தில் வேறு திராட்சை பூத்தால்தான் கொட்டை வைத்துக் காய் பிடிக்கும். கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சைக் கன்று வரவழைத்தான். இரண்டும் ஒன்றாகப் பூக்கும்படி நாள் பார்த்துக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தான். பெயிண்ட் பிரஷ்ஷால் பன்னீர்ப் பூவிலிருந்து பிக்கோலிட் பூவுக்கு மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைப்பான். போன வருஷம் ஒரே ஒரு கொத்தில் பதினோரு காய் நின்றது. பழுப்பதற்குள் மைனா தின்றுவிட்டது. அப்புறம் காசிமேட்டில் பழைய மீன்வலை வாங்கிவந்து பந்தலை மூடினான்.

இந்த வருஷம் இரண்டு கொடியும் மொட்டுக் கட்டிய நேரத்தில் அவனுக்கு நுரையீரல் படுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே மாடிச் சாவியை என் கையில் வைத்தான். "கொடிய பாத்துக்க மாமு. ஒரு தபா துன்னு பாத்துட்டா போதும் எனுக்கு" என்றான்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு விடிந்ததும் முதல் வேலை, அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து ராத்திரியெல்லாம் வந்து படியும் சாம்பலைக் கழுவுவது. வாசல், வண்டி, ஜன்னல், துளசிச் செடி எதுவானாலும் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. மாடிக்குப் போனால் இலை, பூ எல்லாம் சாம்பல் படிந்து கிடந்தது. ஐயோ பாவம் என்று டியூபை எடுத்து அடித்தேன். தினமும் காலையில், பூ இருந்த அத்தனை நாளும். கொடி பளபளவென்று ஆனது. எனக்குப் பெருமை வேறு! மகரந்தம் முழுவதையும் நானே கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். ஒரு காய்கூட நிற்கவில்லை. நர்சரிக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, "பூத்த கொடி மேல யாராச்சும் தண்ணி அடிப்பாங்களா சார்?" என்றார்.

ஜெரால்டு ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வீடு திரும்பினான். மாடி ஏற முடியாது. ஸ்டெல்லாவுக்கு முட்டிவலி, அவளும் ஏறுவதில்லை. "காய் நிக்குதா மாமு?" என்றான். "நிக்குது" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் போகும்போதெல்லாம் எம்மாம் பெருசு என்று கேட்பான், நானும் விரலில் அளவு காட்டுவேன். பூத்ததிலிருந்து நூறு நாள் என்று காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தான். அந்த நாளும் வந்தது. ராயபுரத்தில் பழக்கடையில் பச்சைத் திராட்சை வாங்கி, சின்னதாகப் பார்த்து ஏழு பழம் பொறுக்கிக் கிண்ணத்தில் கொண்டுபோனேன். அவன் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி வெகுநேரம் மென்றான். "அதேதான் மாமு" என்றான். பத்தே நாளில் போய்விட்டான்.

அடக்கத்துக்கு வந்த உங்களிடமெல்லாம் ஸ்டெல்லா, "ஆசப்பட்டத துன்னுட்டுதான் போனாரு" என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சூடு போட்டது போல இருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபின் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அதிரவில்லை.

"தெரியும்ணா. நீங்க கெளம்புனதுமே சொன்னாரு. 'கொட்டையே இல்ல ஸ்டெல்லா, இது கடப் பழம். கொடில ஒண்ணும் நிக்கல போல கீது. அவன் மூஞ்சப் பாத்தியா? எதுவும் கேக்காத, தாங்க மாட்டான்'னாரு. அதான் நானும் எல்லார்கிட்டயும் அப்படியே சொன்னேன்."

கொடியை என்னையே எடுத்துப் போகச் சொன்னாள். இப்போது அது என் வீட்டு மாடியில் இருக்கிறது, கவாத்துக் கத்திரியும் என்னிடம் இருக்கிறது. என் பொய்யை இதோ உங்களிடம் சொல்லிவிட்டேன், அது இறங்கிவிட்டது. அவன் பொய்தான் என்னிடம் தங்கிவிட்டது. ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்று வாயில் போட்ட நிமிஷமே தெரிந்தும், எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு மென்று முழுங்கிவிட்டு, "அதேதான் மாமு" என்றானே, அதை நான் யாரிடம் கொண்டுபோய் இறக்குவேன்?