மந்தின் பட்டறையில் நான் சொன்ன பொய்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று இரண்டு காதும் எரிந்தன. லாபு தோட்டத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு செம்மண் சாலையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். வருடக்கணக்காக ரப்பர்ப் பால்மரம் வெட்டித் தேய்ந்த இடுப்பு அது. அந்த இடுப்புக்கு என் காரைவிட நடையே மேலாகப் பட்டிருக்கிறது. நான் பின்னாலேயே ஊர்ந்து போனேன்.

அம்மாவை வாராவாரம் சிரம்பான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அதனால் அன்று மாலையே அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார். கோயில் திருவிழாவுக்குள் காரை விற்றுவிட வேண்டும், வாங்க ஆள் இருக்கிறது. அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய, இரண்டே கதவு வைத்த என் சிவப்புக் கார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். லோபாக்கில் இருக்கும் கார் நண்பர்கள், உயரத்தைத் தாழ்த்தினால்தான் ஸ்போர்ட்ஸ் காருக்கு மரியாதை என்று ஏற்றிவிட்டார்கள். மந்தினில் ஒரு கார்ப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி, அதிகமாக எந்தச் சாலையில் ஓட்டுகிறாய் என்பது. ஹைவேயும் டவுனும் என்று கூசாமல் சொன்னேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இந்த வியாதி உண்டு. வீடு எங்கே என்று யார் கேட்டாலும் ‘லாபு பக்கம்’ என்பேன். தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்டத்து லயம் என்று சொல்ல வாய் வராது. பாவம், அவர் என் பேச்சை நம்பி, கட்டையான முரட்டு ஸ்பிரிங்கும், இரு பக்கச் சக்கரத்தையும் பிணைக்கும் தடித்த குறுக்குக் கம்பியும் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் சாலையோ எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தோண்டிய இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடும்தான். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் ஏற்றித்தான் ஓட்டுவோம். அப்படி ஏற்றினால் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும். என் கார் விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, மற்றது வாங்கிய அடியெல்லாம் நேராக அம்மாவின் இடுப்புக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மந்தினுக்குப் போனேன். “அண்ணே, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். என் வீடு தோட்டத்துக்குள்ள, லயத்துல இருக்கு” என்றேன். சொல்லி முடித்ததும் மனசு லேசானது.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ஸ்பிரிங்க தொட்டிருக்கவே மாட்டேன்லா” என்றவர், அப்போதே என்னோடு கிளம்பி வந்து எங்கள் சாலையைப் பார்த்தார். மேட்டின் உயரத்தைக் கையால் அளந்தார்.

அதன்பின் ஒவ்வொன்றையும் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நீளமான, கொஞ்சம் இளகிய ஸ்பிரிங். கம்பெனியில் போட்டிருந்த பழைய மெல்லிய கம்பி. திருகி இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஷாக் அப்சோர்பர். உயரம் கம்பெனியிலிருந்து வந்ததைவிட ஒரே ஒரு விரல்தான் குறைவு. கிழவி கார் என்று லோபாக் நண்பர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு மந்தின் மலைச்சாலைக்கு ஓட்டிப் போனேன். வளைவில் கார் லேசாகச் சாய்ந்தது, பிறகு பல்லி மாதிரி தரையைப் பற்றிக்கொண்டது. முரட்டு ஸ்பிரிங் இருந்தபோதுகூட அது அப்படிப் போனதில்லை. வேறு ஆளில்லாத காருக்குள் நான் ஹோவென்று கத்தினேன்.

அந்த வாரம் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வந்தேன். தோட்டத்துச் சாலை முழுக்க அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்தபடி ஓட்டினேன். அம்மா கீரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திருவிழா அன்று காலை அண்ணன் தன் உயரமான ஃபோர்வீல் வண்டியை வாசலில் நிறுத்தி, அம்மாவுக்காகக் கதவைத் திறந்து வைத்தார். கார் வாங்குகிற ஆள் மாலையில் வருவதாகவும் சொன்னார். பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அம்மா அவரைத் தாண்டி நடந்து வந்து, என் காரில் ஏறி உட்கார்ந்தார்.

“அந்த ஆள வேற காடி பாத்துக்கச் சொல்லுடா” என்றார் அண்ணனிடம். “ஒன் வண்டியிலதான் எனக்கு இடுப்பு வலிக்குது.”