டிபன் பாக்ஸ் அளவு எஞ்சின்

பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தபோது, வெந்த கைக்குக் கட்டுப் போட ஒருவர் அடிக்கடி வருவார். ஐம்பது வயது மீனவர். புருவம் பாதி கருகியிருக்கும். கத்தி, கத்தரிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் சீறினால் போதும், வலியை மறந்து அதன் பக்கம் காதைச் சாய்த்துவிடுவார்.

வீட்டில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஈயத்தால் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போய் ஆவி கையில் அடிக்கும்.

"இந்த வயசுல இன்னாத்துக்குண்ணா இந்த விளையாட்டு?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"நடுக்கடல்ல எஞ்சின் நின்னுடுச்சுனு என் புள்ள போன் பண்ணான் சிஸ்டர். அப்புறம் படகு மட்டும்தான் கெடச்சுது. எஞ்சின் கயித்த இழுத்தேன், ஒரே இழுப்புல ஓடுது. அன்னிக்கு ஏன் நின்னுச்சுனு எவனுக்கும் தெரியல. இது நின்னா, ஏன்னு எனக்குத் தெரியும்."

நான் கட்டைச் சுற்றி முடித்தேன்.

கடைசியாக வந்தபோது இரண்டு கையும் வெந்திருந்தன. முகம் மட்டும் தெளிந்திருந்தது.

"ஓடிட்டு நின்னுச்சு சிஸ்டர். சூடு ஆறதுக்கு முன்னியே பிரிச்சிட்டேன். நம்ம உப்பு ஏரித் தண்ணிய ஊத்தினேன்ல, குழாய்ல உப்பு அடைச்சிகிச்சு. ஏன் நின்னுச்சுனு சீட்டுல எழுதிக் குடு. புள்ளைக்குத்தான் யாரும் எழுதிக் குடுக்கல."

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'உப்பு' என்று எழுதினேன். இரண்டு கையிலும் கட்டு; அவரால் வாங்க முடியவில்லை. நானே மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

கட்டுப் பிரிக்க அவர் வரவே இல்லை. யார் பிரித்துவிட்டார்களோ.