அணைக்க முடியாத முன்விளக்கு

என் பைக்கின் இடது கைப்பிடிக்குக் கீழே கறுப்பு நாடா சுற்றிய சின்னச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை அமத்தினால் முன்விளக்கு அணையும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. போன மாதம் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து இது என்னவென்று கேட்டார். யானைக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீடு கப்பல்துறையில் என்று சொன்னதும் போகச் சொல்லிவிட்டார்.

பைக்கில் எவ்வளவு நவீனம் இருக்கலாம் என்பது எங்கள் ஐஸ் ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்து வாக்குவாதம். முன்பெல்லாம் அதில் புதுமைக் கட்சிக்குத் தலைவர் நான்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் அடிக்கும் ஆலை அது. இருபது வருடமாக அங்கே இயந்திரம் பார்க்கிறேன். அமுக்கம் எல்லை மீறினால் நான் ஓடிப்போய்ப் பார்க்கும் முன் இயந்திரமே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஒரு தடவை அது அப்படி நின்றதால்தான் நானும் இன்னும் மூன்று பேரும் இன்றைக்கும் சோற்றுப் பார்சல் அவிழ்க்கிறோம். மனிதன் தூங்குவான், மறப்பான், வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வருவான். இயந்திரத்துக்கு அந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை என்று நான் கதைத்துக்கொண்டு திரிந்த காலம் அது.

எனவே வாகன இறக்குமதித் தடை நீங்கிப் புது பைக்குகள் வந்து இறங்கியபோது, என் பழைய தொண்ணூறு சீசீயைக் கொடுத்துவிட்டு, இருந்ததிலேயே புத்தி கூடிய பைக்கை எடுத்தேன். வழுக்காத பிரேக். போனோடு பேசும் திரை. ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி. பகலிலும் இரவிலும் தானாக எரியும் முன்விளக்கு. சாவி கிடையாது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான்தான். அது இரண்டடிக்குள் இருந்தால் பைக் ஸ்டார்ட் ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. அது நனைந்தால் செத்துப்போகும் என்று விற்றவர்கள் பயமுறுத்தியதால், மனைவியின் கைப்பையில்தான் கிடக்கும். அவள் ரவுணில் தபால் கந்தோரில் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் வருவோம். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தொடக்கத்திலேயே அந்தப் பைக்கைப் பிடிக்கவில்லை.

"தானா யோசிக்கிற சாமான்ல ஏறி இருக்கப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"நீ என்னோட இருபத்தஞ்சு வருசம் ஏறி இருந்தனி. நான் யோசிச்சனானோ?" என்றேன்.

ஒரு நாள் சந்தை வாசலில், நூறு பைக்குகளுக்கு நடுவில் எங்களுடையது தொலைந்துபோனது. அந்தத் தீப்பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் பைக் 'பீப் பீப்' என்று கத்தி, செம்மஞ்சள் விளக்குகளை மினுக்கும். அமத்திக் காட்டினேன். தூரத்தில் இருந்து பைக் கத்தியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பைக்கைக் கூப்பிட்டா ஓம் எண்டுது. உங்களைக் கூப்பிட்டாத்தான் சத்தத்தைக் காணேல்லை," என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் வீதியின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கண்டி வீதியில் எங்கள் கப்பல்துறைப் பக்கம் மாலையானால் யானை இறங்கும். யானையைக் கண்டு திரும்பி வருகிறவர், எதிரே வருகிற எல்லோருக்கும் கையை மூக்கடியில் வைத்துத் தும்பிக்கை போல ஆட்டிக் காட்டுவார். தமிழர், முஸ்லிம், சிங்களவர், ஆமிக்காரர் எல்லோருக்கும் அது ஒரே பாஷை. அதைக் கண்டால் நின்றுவிடுவோம். தப்பித்தவறி யானைக்கு முன்னாலேயே போய்விட்டால், முதலில் முன்விளக்கை அணைக்கவேண்டும். எஞ்சினை மட்டும் நிறுத்தக்கூடாது. அதை மெல்லமாக உறும விட்டு, இரண்டு காலாலும் நிலத்தைத் தள்ளித் தள்ளிப் பின்னுக்கு வரவேண்டும். கண்ணில் வெளிச்சம் அடிக்காதவரை அது பெரும்பாலும் தன்பாட்டில் நிற்கும். பழைய பைக்கில் நான் மூன்று தடவை அப்படித் தப்பியிருக்கிறேன்.

மாரி தொடங்கிய நேரம், ஒரு மாலை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். ஆறு மணிக்கே வானம் கறுத்திருந்தது. மனைவி சந்தையில் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கிப் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். என் ஹெல்மெட்டுக்குள் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மச்சானின் அழைப்பு வந்தது. எடுப்பதா விடுவதா என்று அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். எதிரே பைக்கில் வந்த ஒருவர் மூக்கடியில் கையை வைத்து ஆட்டிக்கொண்டே கடந்திருக்கிறார். மனைவி கண்டுவிட்டாள். என் முதுகில் அடித்துக் கத்தியிருக்கிறாள். எனக்குச் செய்திதான் கேட்டது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி வழக்கம்போல ஏசுகிறாள் என்று நினைத்தேன்.

வளைவில் திரும்பியதும் வீதி அடைபட்டிருந்தது. தனி யானை. ஆண். நாற்பதடி கூட இல்லை.

பிரேக்கை முழுப் பலத்தோடும் பிடித்தேன். வீதியில் மழை கழுவிவந்த மணல் கிடந்தது. பழைய பைக் என்றால் விழுந்து, வழுக்கிக்கொண்டே அதன் காலடிக்குப் போயிருப்போம். இது ஆடாமல் அசையாமல் நின்றது. அந்தப் பிரேக்குக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் முன்விளக்கு முழு வெளிச்சத்தோடு யானையின் முகத்தில் அடித்தது. அதன் கண்ணை நான் கண்டேன்.

"லைற்றை நூத்துங்கோ! லைற்றை நூத்துங்கோ!" என்று மனைவி காதுக்குள் கத்தினாள்.

என் வலது பெருவிரல் பழைய பைக்கில் சுவிட்ச் இருந்த இடத்துக்குத் தானாகப் போய் அமத்தியது. இந்தப் பைக்கில் அந்த இடத்தில் இருந்தது நாலு சிக்னலையும் ஒன்றாக மினுக்கும் பொத்தான். முன்விளக்கும் எரிய, சிக்னல்களும் மினுங்க, யானை காதை விரித்தது.

இந்தப் பைக்கில் வெளிச்சத்தை அணைக்க ஒரே வழி, பைக்கை அணைப்பதுதான். அணைத்தேன். எல்லாம் இருண்டது. திரை மட்டும் போவதற்கு முன் ஒரு பூப் படம் காட்டி, டிங் டிங் என்று ஒரு சின்ன இசையும் போட்டது.

"இறங்கு. சத்தம் போடாமப் பின்னால போ. மதகடியில பதுங்கு," என்றேன். மதகு பின்னால் முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவள் இறங்கிக் குனிந்தபடியே போனாள். அவள் போனபிறகு, பைக்கைத் திருப்பலாம் என்று ஒரு எண்ணம் வந்து ஸ்டார்ட் பொத்தானை அமத்தினேன். திரையில் சிவப்புச் சாவிப் படம் ஒன்று மினுங்கியது. தீப்பெட்டியைக் காணவில்லையாம். அது கைப்பையோடு மதகடிக்குப் போய்விட்டிருந்தது.

யானை நடக்கத் தொடங்கியது. நான் பைக்கை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, வீதியோரத்து மழைத்தண்ணீர்க் கானுக்குள் உருண்டேன். கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். தலைக்கு மேலே கையெட்டும் தூரத்தில் பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றவும் துணிவில்லாமல் மல்லாக்கக் கிடந்தேன்.

இருட்டில் சத்தமில்லாமல் நின்ற பைக்கை யானை மோந்து பார்த்தது. பிறகு அதைக் கடந்து போனது. எனக்கு உயிர் வந்தது. ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சுக்குள்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்கியது. மதகுப் பக்கம். அவள் மடியில் கதலிப்பழம்.

நான் கத்தியிருக்கவேண்டும். ஒரு கல்லை எடுத்து எறிந்திருக்கவேண்டும். என் பக்கம் திருப்புவதற்கு ஒரு சத்தம் போதும். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாயையே திறக்கவில்லை. பயத்தில் பல்லை இறுக்கிக்கொண்டு, அது போகட்டும் என்று கிடந்தேன். அவளிடம் போகட்டும் என்று நினைக்கவில்லை. என்னிடம் இருந்து போகட்டும் என்று மட்டும் நினைத்தேன். அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அப்போது என் தலைக்கு மேலே பைக் கத்தியது. பீப் பீப். கானுக்குள் தண்ணீரெல்லாம் செம்மஞ்சளாக மினுங்கியது. பீப் பீப்.

யானை திரும்பி வந்த வேகத்தை நிலம்தான் எனக்குச் சொன்னது. பிறகு தகரம் கிழியும் சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம். பைக்கின் துண்டுகள் என் நெஞ்சில், கையில், ஹெல்மெட்டில் விழுந்தன. அது காலால் மிதித்தபோது கான் கரை இடிந்து, மண் என் வயிற்றில் கொட்டியது. அதற்குப் பிறகும் பைக் ஒரு தடவை பீப் என்றது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். மனதுக்குள்தான்.

கந்தளாய்ப் பக்கம் இருந்து பஸ் ஒன்று வந்தது. ஹோர்னும் சனத்தின் கூச்சலும் எழுந்தன. யானை பற்றைக்குள் இறங்கிப் போனது. நான் கானுக்குள்ளேயே தவழ்ந்து, எதற்கென்று தெரியாமலே, இருபது அடி தள்ளி ஒரு பாலை மரத்தடியில் ஏறி எழும்பினேன். மனைவி ஓடி வந்தாள். ஒரு கையில் பழப் பை, மற்றக் கையில் அந்தத் தீப்பெட்டி. முகத்தில் இரத்தமே இல்லை.

"எங்க நிண்டனீங்க?"

"இஞ்சதான். இந்த மரத்தடியில."

"பைக்குக்குக் கிட்ட நிக்கேல்லத்தானே?"

"இல்லை. தூரத்தில."

"நீங்க கிட்ட இல்லை எண்டு நினைச்சுத்தான் அமத்தினனான்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சேற்றுச் சட்டையைப் பார்த்தாள்.

அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று பல நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. கிட்ட நின்றேன் என்று சொன்னால், யானை என்னைக் கடந்து அவளிடம் போனபோது நான் ஏன் சத்தம் போடவில்லை என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல என்னால் ஏலாது.

மிஞ்சிய இரும்பைக் கிண்ணியாவில் பைக் திருத்தும் முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன். எங்கள் பழைய பைக்குக்கும் அவர்தான் வைத்தியர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல உயிரோட இருக்கிறது உங்கட கட்டை மட்டுந்தான் அண்ணன்," என்றார். பிறகு அவரே ஒரு பழைய பைக் தேடித் தந்தார். நல்ல பிரேக் உள்ளது. திரை இல்லை. சாவித் துவாரத்தில் போட்டுத் திருகும் சாவி. ஆனால் அதுவும் முன்விளக்கு தானாக எரியும் ரகம்.

"ஒரு சுவிட்ச் வைச்சுத் தாங்கோ நானா," என்றேன்.

"சட்டப்படி சரியில்ல. பொலிஸ் கேட்டா என்ன செல்லுவீங்க?"

"உண்மையைச் சொல்லுவன்."

அவர் சுவிட்சைப் பூட்டி, கறுப்பு நாடா சுற்றிக் கொடுத்தார். ஐஸ் ஆலையில் இப்போது விவாதம் வந்தால் நான் எழும்பிக் கை கழுவப் போய்விடுவேன். பிரேக் யோசிக்கட்டும். வெளிச்சமும் சாவியும் என் கையில் இருக்கட்டும். இதற்கு மேல் எனக்குக் கருத்து இல்லை.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வளைவைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு மாலையும் அந்த இடம் வந்ததும் மனைவி பின்னால் இருந்து கேட்பாள். "அண்டைக்கு நீங்க தூரத்திலதானே நிண்டனீங்க?" நான், ஓம், தூரத்தில என்பேன். பாவம், பயம் தெளியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன கிழமை உடைந்த பைக்கின் பதிவுப் புத்தகத்தைத் தேடி அலுமாரியைக் கிண்டினேன். அவளுடைய சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கற் தகரம். திறந்தேன். உள்ளே அந்தத் தீப்பெட்டி இருந்தது. அதோடு, சலவை செய்த துணித்துண்டில் மடித்து, நகத்தளவில் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டுகள் மூன்று. சிக்னல் விளக்கின் துண்டுகள். துணியை விரித்துப் பார்த்தேன். நான் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் பொக்கற். சட்டை கிழிந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். தூரத்தில் மரத்தடியில் நின்றவன் பொக்கற்றுக்குள் அந்தத் துண்டுகள் விழ வழியே இல்லை. அதைக் கழுவியவளுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும்.

தகரத்தை இருந்த மாதிரியே வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை வளைவு வந்தது. வீதி வெறுமையாகத்தான் இருந்தது. என் விரல் கறுப்பு நாடா சுற்றிய சுவிட்சில் இருந்தது.

"அண்டைக்கு நீங்க தூரத்திலதானே நிண்டனீங்க?"

"ஓம்," என்றேன். "தூரத்தில."

"சரி," என்றாள். என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.