மகள் அழுதபோது நான் குக்கரைப் பார்த்தேன்

மண்ணூர்பேட்டையில் வாகன உதிரிபாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை. சில மாதங்களாக, ஓரமாக வைத்தவை கண்ணில் படாமல் போயின. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் மூளை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

பிட்யூட்டரிக்கு (மூளையின் அடியிலுள்ள பட்டாணி அளவுச் சுரப்பி) மேலே ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் பார்வை நரம்பை அழுத்தியது. மூக்கு வழியாக எடுத்தார்கள். பார்வை திரும்பியது. நின்றுபோன ஹார்மோன்களுக்கு மாத்திரைகள் தந்தார்கள். மூன்றாம் மாதம் வேலைக்குப் போனேன்.

ஒரு மாலை மகள் கவிதா கல்லூரியிலிருந்து அழுதபடி வந்தாள். அவளுடைய தோழி விபத்தில் இறந்திருந்தாள். கவிதா என் மடியில் விழுந்தாள். அடுப்பில் குக்கர் விசில் வந்ததும் அவள் தலையை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

"ம்மா, நான் அழுதுகினு கீறேன். நீ இன்னா குக்கரப் பாக்குற?"

கணவர் சொன்னார்: "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் யாரோ மாதிரிதான் கீற."

கவிதா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அது வலிக்க வேண்டும் என்று தெரிந்தது. வலிக்கவில்லை. அதை மருத்துவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவர் ஆக்சிடோசின் பற்றி விளக்கினார். ஹைபோதலாமஸில் (பிட்யூட்டரிக்கு மேலுள்ள மூளைப் பகுதி) உருவாகி, பிரசவத்திலும் தாய்ப்பால் சுரப்பிலும் வேலை செய்யும் ஹார்மோன் அது. மூளைக்குள் ஒரு முகத்தை, குரலை முக்கியமானதாகக் காட்டவும் உதவுகிறது.

"அதை அன்பு ஹார்மோன்னு சொல்றது பாதி உண்மைதான். சில நேரம் தெரியாதவங்க மேல சந்தேகத்தையும் கூட்டும். உங்களுக்கு அது குறைஞ்சிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. நம்பி எழுதித் தர மருந்தும் இன்னும் இல்ல."

வீட்டுக்கு வந்து கவிதாவிடம் அப்படியே சொன்னேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப என்னைப் புடிக்காம இல்லியா?"

"இல்லடி. உனக்கு எப்ப நான் வேணும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. நீ வாயால சொல்லு."

அன்றிலிருந்து சொல்கிறாள். "ம்மா, எனக்கு மனசு சரியில்ல, இங்க வந்து உக்காரு." நான் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். முதல் சில மாதங்கள் அது வெறும் கைதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், வேண்டியதை வாய்விட்டுக் கேட்கத் தயங்காதீர்கள்.

போன வாரம் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றினேன். கையாட்டினேன். ரயில் போய்விட்டது. வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்தபோது அடுத்த ரயில் வந்து நின்றது. அதுவரை அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கை இன்னும் பாதி உயர்ந்தே இருந்தது.