உள்ளேயும் தண்ணீர் விட்டுக் கழுவலாம்

வண்டியின் உள்ளேயும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமாம். வாங்க ஆசைப்பட்ட ஜீப் மாதிரி வண்டியைப் பற்றி என் கணவர் என்னிடம் சொன்ன முதல் செய்தி அதுதான். தரையில் கார்ப்பெட் கிடையாது, ரப்பர்தான். கீழே மூடி போட்ட ஓட்டைகள் உண்டு. திறந்துவிட்டால் சேறும் தண்ணீரும் வடிந்துவிடும். தோசை ஆறிக்கொண்டிருக்க, வீட்டில் பிள்ளை பிறந்த செய்தி மாதிரி இதைச் சொன்னார். இந்த ஊரில் சேறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி, மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே நடைபாதை காய்ந்துவிடும். சேறு வேண்டுமென்றால் என் பூந்தொட்டியில்தான் தேட வேண்டும்.

இளவயதில் பட்டாளத்தில் தேசிய சேவை செய்தபோது அவர் ஓட்டுநர். கான்வாஸ் கூரை போட்ட ஜீப்பில் காட்டுப் பாதைகளில் திரிந்தவர். அதன்பிறகு ஜாலான் புசாரில் அண்ணனோடு சேர்ந்து நடத்திய ஹார்ட்வேர் கடைக்காக, ஆணியும் பெயிண்டும் ஏற்றிய வேனைத்தான் ஆயுள் முழுக்க ஓட்டினார். கடையை விட்டு வந்ததும் மனிதர் சுருங்கிப்போனார். செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். எதிரே நான் வந்து நின்றாலும் நிமிர மாட்டார். வீட்டில் சும்மா இருக்கும் ஆண்களுக்கு வரும் சோம்பல் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்த மனிதர்தான் இப்போது கைப்பேசியில் ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினார். திருகாணிகள் எல்லாம் வெளியே தெரிகின்றன, பார். பொத்தான்கள் கையுறை போட்ட கையாலும் அழுத்துகிற அளவு பெரியவை. எதற்கெடுத்தாலும் பீப் பீப் என்று புத்தி சொல்கிற வண்டி இல்லை இது. எல்லைப் பாலம் தாண்டிப் பகாங் காட்டுப் பக்கம் போனால் தார் முடிகிற இடத்திலிருந்து மண் பாதை தொடங்கும், அதில் ஆறு வரைக்கும் போகலாம், கூடாரம் போடலாம், நீ மேகி கிண்டு என்றார். அங்கேயும் அடுப்படி எனக்குத்தானா என்று கேட்டேன்.

எனக்குச் சந்தேகம் ஒன்றா இரண்டா. கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்கே இந்த ஊர் கேட்கிற சிஓஇ விலையில், கார்ப்பெட்கூட இல்லாத வண்டியா? படத்திலேயே படி என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அதில் நான் ஏறுவதென்றால் யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். எங்கள் கார்ப்பார்க் வாசலில் தொங்கும் உயரக் கம்பியை வண்டி இடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாளே அளவு நாடாவோடு போய் அளந்துவிட்டு வந்து, நான்கு விரல் இடைவெளி இருக்கிறதென்று விரலை மடக்காமல் காட்டினார். சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் பழையபடி பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வண்டி எனக்கு வேண்டாம். அந்த மனிதர் வேண்டும்.

வண்டி விற்கும் இடத்தில் ஓட்டிப் பார்க்க நாள் குறித்தார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது, தேக்கா மார்க்கெட்டில் நான் வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் நான்கைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். எதற்கென்று கேட்டேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். வாங்கிய வண்டிக்குத்தான் ஊர் உலகத்தில் பூசை போடுவார்கள். ஓட்டிப் பார்க்க இரவல் கொடுத்த வண்டிக்குப் பழம் வைத்தவர் எங்கள் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருக்கும்.

விற்பனையாளராகக் கூட வந்த சீன இளைஞர் நல்ல பிள்ளை. தோ பாயோவில் கோயில் பக்கம் நிறுத்தலாமா என்று கேட்டதும் சரி என்றார். தானும் இறங்கி நின்று கைப்பேசியில் படம் எடுத்தார். நான் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் பழங்களை ஒட்டினாற்போல் வைத்தேன். நேராக முன்னால் எடுத்தால் போதும். பழம் நசுங்க வேண்டும், அவ்வளவுதான். என் கணவர் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். எடுத்த எடுப்பிலேயே வலது பக்கமாக ஒடித்தார். மூன்று பழம் நசுங்கியது. இடது முன்சக்கரத்துப் பழம் பிதுங்கி வெளியே ஓடி, முழுசாக, சாக்கடை மூடியில் போய் நின்றது.

இறங்கி வந்து தேடினார். பழம் அவர் காலுக்கு இடது பக்கத்திலேயே கிடந்தது. நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேணாமாம்லா. நமக்கு இது வேணாமாம்,” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நான்கில் ஒன்று தப்பினால் அது சகுனம்தான், அதற்கு வேறு விளக்கம் எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் ஏன் ஒடித்தார் என்று யோசிக்க, அங்கே நின்றவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த இளைஞர் மட்டும், திரும்பிப் போகும்போது தானே ஓட்டுவதாக மரியாதையாகச் சொன்னார். வருத்தத்தில் இருக்கும் பெரியவருக்குச் செய்கிற உதவி என்று நினைத்து, மனதுக்குள் அவரை வாழ்த்தினேன்.

வண்டிப் பேச்சு வீட்டில் நின்றது. அவர் மறுபடி செய்தித்தாளோடு உட்கார்ந்தார். தேக்காவில் நடக்கும்போது இடது பக்கம் வருகிறவர்களை இடித்தார். அந்தப் பக்கம் வைத்த தேநீரைத் தட்டிவிட்டார். கண்ணை எங்கே அடகு வைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். துக்கத்தில் கவனம் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமியே வேண்டாமென்று சொல்லிவிட்ட ஒன்றுக்கு இத்தனை துக்கமா என்று எரிச்சலும் வந்தது.

பல மாதம் கழித்து, அறுபத்தைந்தை ஒட்டி உரிமத்தைப் புதுப்பிப்பதற்கான மருத்துவப் பரிசோதனையில் அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்ணுக்குள் அழுத்தம். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரங்கள் இல்லை. வலியே தெரியாமல் வருகிற நோயாம். இதுவரை எப்படி ஓட்டினீர்கள் என்று அந்த டாக்டர் அம்மா கேட்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: தெரியாத பக்கத்தை விட்டு, தெரிகிற பக்கமாகவே ஒதுங்கி ஓட்டுவார்கள், தாங்கள் அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம். போனது போனதுதான், சொட்டு மருந்து இருப்பதைக் காக்கத்தான் என்றார்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்.

“வண்டிய வேணாம்னு சொல்லல. என்னைத்தான் ஓட்டாதேன்னு சொல்லியிருக்கு.”

அப்போதும் சாமி சொன்னதாகவே அவருக்கு. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சாமி எங்கே சொன்னது? ஒரு மனிதருக்கு ஒரு பக்கம் தெரியவில்லை, அது எங்கள் கண் முன்னால் ஒரு பழமாக உருண்டு வந்து நின்றது, நாங்கள் அதைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. உரிமத்தை அந்த வாரமே ஒப்படைத்தார்.

போன மாதம் சிராங்கூன் சாலையில் பேருந்துக்காக நின்றிருந்தோம். சிக்னலில் அதே மாதிரி வண்டி ஒன்று வந்து நின்றது, சாம்பல் நிறத்தில், தூசுகூட இல்லாமல். அந்த வகையில், ஓட்டிப் பார்த்த நாளுக்குப் பிறகு ஊரில் நான் பார்த்த முதல் வண்டி அதுதான். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. அவர் முகம் மலர்ந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டு, தலையை முழுசாகத் திருப்பித் தேடினார். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அதற்குள் எங்கள் பேருந்து வந்து குறுக்கே நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. சிக்னல் மாறியிருந்தது. வண்டி போய்விட்டது.

“எப்படி இருக்கு? சொல்லு,” என்றார்.

சேறாக இருக்கிறதென்றேன். சக்கரமெல்லாம் சிவப்பு மண், கதவு வரைக்கும் தெறித்திருக்கிறது, எங்கேயோ காட்டுக்குள் போய்விட்டு இப்போதுதான் பாலம் தாண்டி வந்திருக்கிறார்கள் போல என்றேன். கழுவவே இல்லையா என்று கேட்டார். இன்னும் கழுவவில்லை என்றேன். வெறும் சாலையைப் பார்த்தபடி அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.